மூன்றாவது கூடை

பழைய குக்கருக்குள் இரண்டு கடிதங்கள் இருந்தன. போன வாரக் கதை அந்த இடத்தில்தான் நின்றது.

சமையலறையின் மேல் அலமாரியில் இருக்கும் அந்தக் குக்கருக்கு மூடி பொருந்தாது. அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் இந்த வீட்டுப் பிள்ளை பன்னு தன் கடிதத்தை அதற்குள் போட்டு வைத்ததும் அதனால்தான். தேறாத காரணத்தால் கல்லூரியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள் என்று சொன்ன கடிதம் அது. வீட்டில் அவன் சொன்னது வேறு. படிப்பு பிடிக்கவில்லை, ரொட்டி போடத்தான் பிடிக்கிறது, நானே நின்றுவிட்டேன் என்றான். ரொட்டி பிடித்தது உண்மை. அதன் தயவில் பொய்யும் நிலைத்துவிட்டது. பேக்கரியில் சேர்ந்த மாதமே வீட்டில் அவனுக்குப் பன்னு என்று பெயரும் வந்துவிட்டது. இப்போது வயது இருபத்தாறு.

போன வாரம் பெரிய பாத்திரம் ஒன்றைத் தேடி ஸ்டூலில் ஏறியவன் குக்கரைத் திறந்து பார்த்தான். அவனுடைய கடிதம் அடியில் அப்படியே இருந்தது. அதன்மேல் புதிதாக இன்னொன்று. அதே கல்லூரி, அதே நீல முத்திரை. முகவரியில் இருந்தது அம்மாவின் பெயர்.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் படுக்கை விரிப்புகள் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர், பட்டம் இருந்ததால், அவளுக்கே அதிகாரிகளாக வந்தார்கள். இரண்டாமவர் வந்த வாரத்தில் அம்மா மாலை வகுப்பில் மருத்துவமனை நிர்வாகப் படிப்புக்குச் சேர்ந்தாள். சேர்ந்த சில நாட்களில் காரணம் மாறிவிட்டது. அதிகாரிகளை மறந்துபோனாள், வகுப்பு பிடித்துவிட்டது.

பிடித்தாலும் மதிப்பெண் வரவில்லை. கல்லூரியின் விதி சுருக்கமானது. நான்கு புள்ளிக்குச் சராசரி குறைந்தது இரண்டு வர வேண்டும். ஒரு பருவம் குறைந்தால் கண்காணிப்பு. அடுத்த பருவமும் குறைந்தால் நீக்கம். அம்மாவுக்கு முதல் பருவத்தில் ஒன்று புள்ளி ஆறு. இரண்டாம் பருவத்தில் ஒன்று புள்ளி ஒன்பது. பத்து வேலை நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், நேரில் வந்து விளக்கம் சொல்லலாம் என்று கடிதத்தின் கடைசிப் பத்தி சொன்னது.

விசாரணைக்கான நாளும் நேரமும் அதிலேயே இருந்தன: இன்று காலை பத்தரை மணி.

காலை ஒன்பதே முக்காலுக்கு அம்மா வாசலில் நின்று, கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு மீட்டிங் என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். அப்பா ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிட்டார். தெருவில் பேக்கரியின் வேன் வந்து நின்றது. முதல் தவணை ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கி முடித்து, முன்கை ரோமத்தில் மாவோடு, பன்னு கதவைத் திறந்துவிட்டான். வழியில் இறக்கிவிடுவதாகச் சொன்னான். உனக்கு அது வழியில்லையே என்றாள் அம்மா. இன்றைக்கு வழிதான் என்றான்.

நான்கு முனைச் சந்திப்பில் வேன் இடது பக்கம் திரும்பியது.

"டேய், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்."

"தெரியும்மா."

அம்மா அவனை முறைத்தாள். அவன் தொடர்ந்தான்.

"ஆஸ்பத்திரி மீட்டிங்குக்கு யாரும்மா கால்குலேட்டர் எடுத்துட்டுப் போறாங்க? பை திறந்திருக்கு பாரு."

அம்மா குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நிமிர்ந்து அவனைக் கேட்டாள்.

"குக்கரா?"

"குக்கர்தான்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். அஞ்சு நாளா ஒரே பேப்பரையே படிக்கிறாரே, நீ கவனிக்கலையா?"

"கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். கண் டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கி வெச்சிருக்கேன்டா."

பன்னு சிரித்ததில் வேன் கொஞ்சம் ஆடியது. அப்பா இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். விதிப் புத்தகம் என்று எது கையில் கிடைத்தாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, காதில் பென்சிலோடு படிப்பார். விஷயம் தெரிந்த மறுநாளே கல்லூரி அலுவலகத்துக்குப் போய், தொண்ணூற்றாறு பக்க மாணவர் கையேட்டை வாங்கி வந்துவிட்டார். அதைப் பேப்பருக்குள் மறைத்து வைத்துக்கொண்டு படித்தார். பேப்பரின் வெளிப்பக்கத்தில் ஒரே கால்பந்து வீரர் ஐந்து நாட்களாகக் குதித்துக்கொண்டே இருந்தார்.

விளக்கக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறாய் என்று பன்னு கேட்டான். வேலைப்பளு, உடல்நிலை என்றாள் அம்மா.

"உனக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்களாம். கூடப் படிக்கிற பொண்ணு சொன்னா."

குக்கரில் அடியில் கிடந்த கடிதத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. தன்னுடையதை அதன்மேல் வைத்தபோது அம்மா அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிரித்துப் படித்தாளா என்பதுதான் பன்னுவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்க வாய் வரவில்லை. அதற்குள் கல்லூரியின் கேட் வந்துவிட்டது.

நான்கு வருடமாக இந்தத் தெருவில் நுழையாமலேயே அவன் வேனில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். சுற்றிப் போனால் பன்னிரண்டு நிமிடம் அதிகம். பேக்கரி முதலாளி அதற்குக் காரணம் கேட்டதில்லை.

விசாரணை அறை மூன்றாவது மாடியில். லிஃப்டின் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மூன்று நாளாக இப்படித்தான் என்று காவலாளி அலுத்துக்கொண்டார். இருவரும் படியேறினார்கள். கல்யாணச் செருப்பு இரண்டாவது மாடியிலேயே கடிக்க ஆரம்பித்துவிட்டது.

பத்தரை ஆனது. பத்தே முக்காலும் ஆனது. விசாரணைக் குழுவின் தலைவி முழங்கால் வலிக்காரர். படியேறி வருவதற்கு நேரமாகும் என்று பதிவாளர் அலுவலக அதிகாரி சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தாழ்வாரத்தின் கோடியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. லிஃப்ட் திறந்து, கையில் கோப்போடு தலைவி வெளியே வந்தார். வேதியியல் பேராசிரியர், முகத்தில் நல்ல சந்தோஷம்.

"யாரோ ஒருத்தர் கீழே நின்னு லிஃப்டையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். வேற கம்பெனி லிஃப்ட், நான் தொடக்கூடாதுன்னார். அப்புறம் கதவு ஓரத்துல சென்சார் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குன்னு காட்டினார். துடைக்கக்கூடாதுன்னு எந்த விதியும் இல்லன்னு கைக்குட்டையை எடுத்துத் துடைச்சார். அவ்வளவுதான், ஓட ஆரம்பிச்சிடுச்சு."

அம்மாவும் பன்னுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

அறையில் நீள மேஜை. அதற்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் தலைவி, வலது பக்கம் அதிகாரி, இடது பக்கம் புள்ளியியல் பாடம் எடுக்கும் இளம் விரிவுரையாளர். குடும்பத்தினர் ஒருவர் உடனிருக்கலாம், பேசக்கூடாது என்று அதிகாரி விதியைப் படித்தார். பன்னு சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான்கு வருடங்களுக்கு முன் இதே அறையில் அவனுக்கும் ஒரு பத்தரை மணி குறித்திருந்தார்கள். பத்து வேலை நாட்களையும் அவன் எண்ணிக்கொண்டே இருந்து, ஒவ்வொன்றாகப் போகவிட்டான்.

அதிகாரி நிலைமையைச் சொன்னார். மேல்முறையீடு ஏற்கப்பட்டால் கண்காணிப்பில் இன்னொரு பருவம் படிக்கலாம். ஏற்கப்படாவிட்டால் இன்றோடு பெயர் நீக்கம். குறைந்தது ஓராண்டுக்கு இந்தக் கல்லூரியில் எந்த வகுப்பிலும் உட்கார முடியாது.

தலைவி விளக்கக் கடிதத்தைப் படித்தார். வேகமாகப் படித்து முடித்து, கவிழ்த்து வைத்தார். இந்த வாரம் பதினொரு கடிதம் படித்தேன், பதினொன்றிலும் வேலைப்பளு, உடல்நிலைதான் என்றார். குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. பிறகு கோப்பிலிருந்து அம்மாவின் புள்ளியியல் விடைத்தாளை எடுத்தார்.

"முதல் பகுதி முழுசும் சரி. ரெண்டாவது பகுதியில ஒண்ணு ரெண்டுதான் தப்பு. மூணாவது பகுதியில ஒரு வரி கூட இல்ல. நாற்பது மார்க் அப்படியே போச்சு. உடம்பு சரியில்லாதவங்க தாள் இப்படி இருக்காது. அப்புறம் இதைச் சொல்லுங்க. விட்டுட்டுப் போன ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒரு வட்டம் போட்டிருக்கீங்களே, அது என்ன?"

அம்மா விடைத்தாளைப் பார்த்தாள். ஐந்து கேள்விகள், ஐந்து வட்டங்கள்.

"ஊறப் போட்டிருக்கேன்னு அர்த்தம்ங்க."

இளம் விரிவுரையாளர் நிமிர்ந்தார். என்ன போட்டீர்கள் என்று தலைவி திரும்பக் கேட்டார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். முதலில் குரல் மெலிந்திருந்தது. கூடைகளைப் பற்றிப் பேச்சு வந்ததும் அது சலவைப் பிரிவின் குரலாக மாறிவிட்டது. இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலே எழும்பிப் பழகிய குரல் அது. துணி வந்து இறங்கியதும் மூன்று கூடையாகப் பிரிப்பார்கள். லேசான அழுக்கு முதல் கூடை. சாதாரண அழுக்கு இரண்டாவது. மருந்தும் ரத்தமும் பட்ட கறைத் துணி மூன்றாவது. அந்தக் கூடையின் சீட்டில் ஒரு வட்டம் போட்டு, தொட்டியில் ஊற வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். அதைக் கடைசியில் எடுத்தால் போதும். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்வது அதுதான். பரீட்சை அறையிலும் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் கேள்விகளை மூன்று கூடையாகப் பிரித்துவிட்டாள்.

"பிரிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு. சுத்தமாப் பிரிச்சேன். மத்த பாடங்கள்லயும் அப்படித்தான். மூணாவது கூடைக்கு வரும்போது மணி அடிச்சிட்டாங்க."

விரிவுரையாளர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அம்மாவே சிரித்துவிட்டாள். அதன்பிறகு அவரும் அடக்கவில்லை.

"ரெண்டு பருவமும் இதே மாதிரியா?" என்று கேட்டார் தலைவி.

"ரெண்டு பருவமும்ங்க. முதல் தடவை நான் பிரிச்சது சரியில்லைன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை இன்னும் நல்லாப் பிரிச்சேன்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. கைப்பையின் மேல் வைத்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க வந்து உங்ககிட்ட சொல்லும்போதுதான் எனக்கே புரியுது. தொட்டியில நான் இல்லாட்டியும் தண்ணி வேலை செய்யும். கேள்வித்தாள்ல எனக்குப் பதிலா யாரு வேலை செய்வா? நான் ஊறப் போட்டேன். அது அப்படியே காய்ஞ்சு கிடந்துச்சு."

பன்னு தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்துவிட்டான்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, காரணம் புரிகிறது, ஆனால் அந்தக் கேள்விகளுக்கு விடை தெரியுமா தெரியாதா என்பது இந்தத் தாளிலிருந்து தெரியவில்லையே என்றார். அது நியாயமான சந்தேகம். விரிவுரையாளர் தாளைத் தன் பக்கம் திருப்பி, இரண்டாவது வட்டத்தின் மேல் விரலை வைத்தார். இரண்டு தொகுதி எண்களுக்குச் சராசரி ஒன்றே. திட்ட விலக்கம் வேறு வேறு. அது எதைக் காட்டுகிறது என்பது கேள்வி. எழுத வேண்டாம், சொன்னால் போதும் என்றார்.

அம்மா கால்குலேட்டரை எடுக்கவில்லை.

"ரெண்டு வார்டு இருக்குன்னு வெச்சுக்குங்க. ரெண்டுலயும் சராசரியா ஒரு நாளைக்கு முப்பது விரிப்பு வேணும். முதல் வார்டுல தினமும் முப்பதுதான் கேப்பாங்க. ரெண்டாவதுல ஒரு நாள் பத்து, ஒரு நாள் ஐம்பது. சராசரியை மட்டும் பார்த்துட்டு ரெண்டுக்கும் முப்பது முப்பதா அனுப்பினா, ரெண்டாவது வார்டுல ஒரு நாள் இருபது பேர் விரிப்பில்லாத கட்டில்ல படுத்திருப்பாங்க. திட்ட விலக்கம் அதைத்தான் சொல்லுது. எந்த வார்டுக்கு நான் அலமாரியில சேர்த்து வைக்கணும்னு சொல்லுது."

விரிவுரையாளர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணாக இருக்கும் என்று பன்னு நினைத்தான். 'வார்டு — விரிப்பு' என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார்கள்.

தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் அப்பா உட்கார்ந்திருந்தார். நீலச் சீருடை, காலடியில் கருவிப் பை, காதில் பென்சில், மடியில் கையேடு. இனி மறைக்க எதுவுமில்லை என்று தெரிந்ததும், பேப்பரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"முடிவை எழுத்து மூலமா அஞ்சு வேலை நாளுக்குள்ள தரணும். பக்கம் இருபத்தேழு. காரணத்தையும் சொல்லணும், அது இருபத்தெட்டு."

"ஏங்க, எனக்கு இப்போ பக்க நம்பர் வேண்டாம். தண்ணி வேணும்."

கருவிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தரையில் காலை வைத்துக்கொண்டு குடித்தாள். கண் டாக்டரிடம் வாங்கி வைத்த நேரத்தை இனி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாள். எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கிறது, போய்விட்டே வருகிறேன் என்றார் அப்பா. கையேட்டின் எழுத்து அவ்வளவு சிறியது.

கதவு திறந்தது. மூவரும் கதவை நோக்கி நடந்தார்கள். ஒருவர்தான் உடனிருக்கலாம் என்று அதிகாரி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைவி அப்பாவைப் பார்த்துவிட்டார்.

"நீங்களா?"

"ஸ்டிக்கர் திரும்பவும் ஒட்டாம பார்த்துக்கச் சொல்லுங்க மேடம்," என்றார் அப்பா.

இவர் உள்ளே வருவதால் முடிவு மாறப்போவதில்லை, அதை ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, வரட்டும் என்றார் தலைவி. அதிகாரி தாளைப் படித்தார். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. கண்காணிப்பு இன்னொரு பருவம் தொடரும். அந்தப் பருவத்தில் மூன்று பாடங்களுக்கு மேல் எடுக்கக்கூடாது. அதில் ஒன்று புள்ளியியல். புதிய மதிப்பெண் பழையதற்குப் பதிலாகக் கணக்கில் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும். சராசரி இரண்டுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மறுபடி மேல்முறையீடு கிடையாது.

கடைசி வரியை அவர் கொஞ்சம் நிறுத்திப் படித்தார். அது அம்மாவின் காதில் விழுந்ததா என்பது சந்தேகம்தான். ஏற்கப்படுகிறது என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். கையெழுத்துப் போடும்போது வழக்கத்தில் பெயருக்குப் பின்னால் 'சலவைப் பிரிவு' என்றும் எழுதிவிட்டு, அதை அடிக்கவா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றார் தலைவி. அந்த வார்டு உதாரணத்தை வகுப்பில் சொல்லிக்கொள்ளலாமா என்று விரிவுரையாளர் அனுமதி கேட்டார்.

மூவரும் லிஃப்டில் இறங்கினார்கள். அப்பா கடைசியாக ஏறினார். கதவு மூடும் நேரத்தை வாய்க்குள் எண்ணிக்கொண்டார். அம்மா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். பன்னுவைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேன் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து போனாள்.

காலைக்கு மட்டும் விடுப்புச் சொல்லியிருந்த அம்மா, மதியம் இரண்டு மணிக்குச் சரியாக வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு முன்பே பன்னு அனுப்பிய ஒரு தட்டு நிறைய பன் போய்ச் சேர்ந்திருந்தது. சூப்பர்வைசரம்மாவுக்கு என்ன விசேஷம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருத்தி மட்டும், பிறந்தநாளாக இருக்கும், வயதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று தானே முடிவு செய்துகொண்டு வாழ்த்தும் சொல்லிவிட்டாள். அம்மா மறுக்கவில்லை. துணி வந்து இறங்கியது. கை வழக்கம்போல மூன்று கூடையாகப் பிரித்தது. மூன்றாவது கூடையின் சீட்டில் வட்டம் போடும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பல நாளாகிவிட்டது. இன்று எட்டு மணிக்கே மேஜையில் சூப்பும் பன்னு கொண்டுவந்த ரொட்டியும் இருந்தன. அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து குக்கரை இறக்கி மேஜையின் நடுவில் வைத்தாள். இதை நாளைக்கே பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்றாள்.

பன்னு ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது.

அம்மா மூடியை எடுத்தாள். தன் கடிதத்தை எடுத்து, இன்று வந்த தாளோடு சேர்த்து மடித்துப் பைக்குள் வைத்தாள். அடியில் இருந்ததை எடுக்கவில்லை.

"என்னோடதை வைக்கும்போதே பார்த்தேன்டா. படிக்கல. அது உன்னோடது."

பன்னு அப்பாவைப் பார்த்தான். அப்பா சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லாததுதான் பன்னுவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்களுக்கு எப்படிப்பா...?"

"குக்கர்ல அம்மா லெட்டர் இருக்குன்னு நீதானே வந்து சொன்ன. யாராவது ஒண்ணு சொன்னா நானும் ஒரு தடவை ஏறிப் பார்ப்பேன். வேலை அப்படி."

பன்னு நெற்றியில் அடித்துக்கொண்டான். அம்மாவின் ரகசியத்தை அப்பாவிடம் சொன்னவன், அதற்கு அடியில் தன்னுடையது கிடக்கிறது என்பதை யோசிக்கவே இல்லை. இவ்வளவு நாள் பொய் சொல்லிவிட்டேன் என்று தொடங்கினான். நல்ல ரொட்டி போடுகிறாய், அது பொய்யில்லை என்று அப்பா இடைமறித்தார். அம்மா சிரித்தாள். பன்னு சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்து, பிறகு சிரித்துவிட்டான். நான்கு வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிப்போன கதையை அவனே சொன்னான். பன்னிரண்டு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று அப்பா மனக்கணக்குப் போட ஆரம்பித்தார். அம்மா அவர் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டியை வைத்து அதை நிறுத்தினாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா கையேட்டை எடுத்து, பன்னுவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மாவுக்கு வேண்டியது இருபத்தேழாம் பக்கம். அதில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது. ஓரம் மடித்திருந்தது அறுபத்தொன்றாம் பக்கம். அங்கே இரண்டு கோடு. நீக்கப்பட்ட மாணவர், ஓராண்டு கழிந்த பின்னும் ஐந்தாண்டு முடியும் முன்னும், மறுசேர்க்கைக்கு ஒருமுறை விண்ணப்பிக்கலாம். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பத்தின் கடைசி நாள், வருகிற வெள்ளிக்கிழமை.

"அம்மாவுக்காகத்தானே இதை வாங்கினீங்க?"

"அம்மாவுக்காகத்தான். புஸ்தகத்தைப் பாதியில நிறுத்தற பழக்கம் எனக்கில்ல."

பன்னு அந்த மூன்று வரியையும் இரண்டு முறை படித்தான். காலை ரொட்டிக்கான மாவைப் பிசைந்து வைக்க வேண்டிய நேரம் அது. நிறைய நேரம் பொங்க வேண்டிய மாவைத்தான் அவன் எப்போதும் முதலில் எடுப்பான். இன்று எழுந்திருக்கவில்லை. கை நீட்டி, அப்பாவின் காதிலிருந்து பென்சிலை உருவினான். அறுபத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தில், இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு வட்டம் போட்டான்.

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஊறட்டும். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்."